பள்ளத்து மண்

அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் அவள் தொலைக்காட்சியில் வேலை பார்ப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே வேலை என்று விசாரித்த எதிர்வீட்டுத் தையல்காரியிடம் அவளுடைய நாத்தனார், "மீடியாவுல" என்று சொல்லிவைத்ததுதான் காரணம். நாத்தனார் சொன்னது பொய்யில்லை. கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் கிருமிகளை வளர்க்க ஒரு கூழ் காய்ச்சுவார்கள். அதற்குப் பெயர் மீடியா. பதினான்கு வருஷமாக அதைக் காய்ச்சுகிறவள் அவள்தான். கூடத்தில் அவளை மீடியாக்கா என்றார்கள். போகப்போகத் தெருவிலும் அதுவே பெயராயிற்று. தையல்காரி மட்டும் வெகுநாள்வரை, "உங்க ஆபீஸ்ல சொல்லி இந்தத் தண்ணிக் குழாய் விஷயத்த ஒரு தடவ டிவியில போடச் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலை ஏழரைக்கு வேலை தொடங்கும். படகுத்துறையிலிருந்து வந்த கடல்தண்ணீரை முதலில் துணியில் வடிப்பாள், பிறகு தாளில் வடிப்பாள். அதில் மாவு, ஈஸ்ட், கொஞ்சம் மீன்சாறு, உறைவதற்குக் கடல்பாசித் தூள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போட்டுக் குடுவைகளில் ஊற்றி, பஞ்சால் வாயை அடைத்து, ஆளுயர ஆட்டோகிளேவுக்குள் அடுக்கி மூடுவாள். அதுவும் ஒரு குக்கர்தான். விசில் மட்டும் கிடையாது. வெந்து இறக்கிய குடுவையைக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்து, தாங்குகிற சூடு வந்ததும் கண்ணாடித் தட்டுகளில் விரற்கடை உயரத்துக்கு ஊற்றுவாள். ஒரு நாளைக்கு இருநூறு தட்டு. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் அவள் கை அளந்துதான் தண்ணீர் ஊற்றும். "இந்த வீட்டுல ஒரு நாளாவது சோறு குழைஞ்சிருக்கா?" என்று நாத்தனார் பெருமையாகவும் சொல்வாள், குறையாகவும் சொல்வாள்.

அவள் புருஷன் அதே கூடத்தின் படகுக்கு டிரைவர். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் மீன்பிடி விசைப்படகு ஓட்டியவன். இங்கே மீனுக்குப் பதில் மண். இரண்டு இரும்புத் தாடை வைத்த ஒரு பொறி, கிராப் என்பார்கள். கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால் தரை தட்டியதும் வாய் மூடிக்கொண்டு ஒரு கவளம் சேறு அள்ளிவரும். அந்தச் சேற்றில் இருக்கிற கிருமிகளில் ஏதாவது ஒன்று மற்றக் கிருமிகளைக் கொல்லும் மருந்தைச் சுரக்கிறதா என்று தேடுவதுதான் கூடத்தின் வேலை.

தேடியவள் ஒரு பெண். முப்பத்திமூன்று வயது. ஆறு வருஷமாக அதே மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பட்டம் இன்னும் வரவில்லை. ஆனாலும் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். டிரைவர் மட்டும் வீட்டில் அவளை அரை டாக்டர் என்பான். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. இந்தப் பொண்ணு ஆயிரம் பூச்சியக் கொன்னா முழுசாகிடும்" என்பான். நேரில் மரியாதையாகத்தான் இருப்பான்.

ஒரு தடவை படகில் டாக்டரம்மா, "எங்க எடுக்கலாம்ணே?" என்று கேட்டிருக்கிறாள். கேட்கவேண்டும் என்று கேட்டது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டான். கரையிலிருந்து மூன்று மணிநேர ஓட்டத்தில் கடலடியில் ஒரு பள்ளம் இருந்தது. வலை விட்டால் சிக்கிக் கிழியும் என்று எந்தப் படகும் அந்தப் பக்கம் போவதில்லை. நாற்பது பாகம், அதாவது நாற்பது ஆள் கைவிரித்த ஆழம். "யாரும் போகாத எடத்துல எடுத்தாத்தானே யாரும் பாக்காதது கிடைக்கும்" என்று அங்கே கொண்டுபோனான். கறுப்பாக, வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று வந்தது மண்.

எட்டு மாதம் கழித்து அந்த மண்ணிலிருந்து ஒன்று முளைத்தது. சாம்பல் பூத்தாற்போல் ஒரு பொட்டு. மூடியைத் திறந்தால் மழை விழுந்த புழுதி வாசம். கடலடியில் கிடந்ததற்கு அந்த வாசம் எப்படி வந்தது என்று மீடியாக்கா கேட்டாள். டாக்டரம்மா சிரித்தாள். பிறகு, எந்த மருந்துக்கும் மசியாத சீழ்க்கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி நடுவில் அந்தச் சாம்பல் பொட்டில் ஒரு துண்டை வைத்தாள். மறுநாள் காலையில் துண்டைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே பால் சிந்தினாற்போல் கிருமி. உள்ளே கண்ணாடி.

அன்று சாயங்காலம் மீன் பொரித்துக்கொண்டே மீடியாக்கா அதை வீட்டில் புருஷனிடம் சொன்னாள்.

"எந்த மண்ணு?" என்றான்.

"உங்க பள்ளத்து மண்ணுதான்."

"எவ்வளவு பெரிய வட்டம்?"

அவள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினாள். "சுத்தமா தொடச்சுவிட்ட மாதிரி இருந்துச்சுங்க."

அவன் அன்று ஒரு மீன் கூடுதலாகச் சாப்பிட்டான்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். கிராப்பின் கம்பியில் ஒரு இழை அறுந்து ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தது. படகுத் தளத்தில் வெறுங்காலோடு நின்ற டிரைவரின் குதிகாலில் அது ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, கடல்தண்ணீரில் அலசி, வேலையைப் பார்த்தான். அவனுக்குச் சுகர் ஒன்பது வருஷமாக. காலில் உணர்ச்சி பாதிதான். வலிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. பத்தாம் நாள் செருப்பு நுழையவில்லை. வாசம் வந்தபிறகுதான் நாத்தனார் கண்டுபிடித்தாள். அவளுக்குத் தம்பி என்றால் உயிர். கல்யாணமாகி நாலே வருஷத்தில் புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். "காலைக் காட்டுடா" என்று அதட்டிப் பார்த்துவிட்டு, போய் அவனுடைய வேறு சட்டை ஒன்றை எடுத்துப் பையில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நீளமான வார்டு. இருபத்திரண்டு கட்டில். பச்சை பெயின்ட் இடுப்பு உயரத்துக்கு, அதற்கு மேலே வெள்ளை. பகல் முழுக்க நாத்தனார் பக்கத்தில் இருந்தாள். கூடம் முடிந்து மீடியாக்கா வருவாள். அவன் சர்க்கரை போட்ட டீ கேட்பான். நாத்தனார் சர்க்கரை இல்லாத டீயில் ரொட்டியை நனைத்து ஊட்டிவிட்டு, "போட்டிருக்குடா, உன் நாக்குதான் செத்துப்போச்சு" என்பாள்.

ஐந்தாம் நாள் சீழைச் சோதித்த தாள் வந்தது. நர்ஸ் அதைக் கட்டிலில் மாட்டிவிட்டுப் போனாள். மீடியாக்கா எடுத்துப் பார்த்தாள். அவள் எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. ஆனால் இந்த மாதிரித் தாளைக் கூடத்தில் தினமும் பார்த்திருக்கிறாள். இடப்பக்கம் மருந்துகளின் பெயர். வலப்பக்கம் எஸ் என்று இருந்தால் கிருமி சாகும். ஆர் என்று இருந்தால் சாகாது. விரலை வைத்து மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தாள். பதினோரு ஆர். கடைசியில் ஒரே ஒரு எஸ். அந்த மருந்தை அவன் சிறுநீரகம் தாங்காது என்று சர்ஜன் முந்தின நாளே சொல்லியிருந்தார். தாளைத் திரும்ப மாட்டினாள். நாத்தனார் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "இங்கிலீஷ்ல இருக்கு அண்ணி" என்றாள்.

சர்ஜன் சாயங்காலம் வந்தார். குரல் உயராத மனுஷர்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். முட்டி மிஞ்சினா கட்டைக்கால் வெச்சு நடக்கலாம். நாளை மறுநாளைத் தாண்டினா முட்டியும் போயிடும். அதுக்கும் மேல தள்ளினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

டிரைவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வாரம் குடுங்க சார்" என்றான். "எங்க ஆபீஸ்ல ஒரு மருந்து வந்திருக்கு. இதே பூச்சியக் கொல்லுது."

சர்ஜன் மீடியாக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நாளை மறுநாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"அது மருந்து இல்லைங்க" என்றாள் அவள்.

"நீதானே சொன்னே, தொடச்சுவிட்ட மாதிரி இருந்துச்சுன்னு."

"தட்டுலங்க. தட்டுல."

"தட்டுல சாகுறது கால்ல சாகாதா? ரெண்டும் ஒரே பூச்சிதானே?"

"தட்டுல நான் காய்ச்சின கூழுதான் இருக்கு. ரத்தம் இல்ல, சதை இல்ல."

"நீ படிச்சவ மாதிரி பேசாதே. அரை டாக்டர்கிட்ட கேளு. யாரோட மண்ணு அது? அந்தப் பள்ளம் இருக்குறதே அவங்களுக்குத் தெரியாது. நான் கொண்டுபோய்க் காட்டினேன். எனக்கு ஆகாம அது வேற யாருக்கு ஆகப்போகுது?"

நாத்தனார் சேலைத் தலைப்பால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். "தம்பி கேக்குறதுல என்ன தப்பு? கேட்டுப் பாக்குறதுல நீ என்ன கொறைஞ்சிடப் போறே? கால வெட்டுறது ஒரு வேலையா? கசாப்புக்காரன்கூட வெட்டுவான்."

"கேக்குறேன் அண்ணி."

"கேக்குறேன்னா கேக்குற மாதிரி கேக்கணும்."

"கேக்குறேன்."

மறுநாள் காலையில் மழை. மீடியா அறையில் ஆட்டோகிளேவ் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமும் நனைந்திருந்தது. தட்டு வாங்க வந்த டாக்டரம்மாவிடம் அவள் சொன்னாள். தாளில் பார்த்ததைச் சொன்னாள், சர்ஜன் சொன்னதைச் சொன்னாள், நாளைக்கு என்பதையும் சொன்னாள். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அது இன்னும் மருந்து இல்ல. ஒரு கலங்கின தண்ணி. அதுக்குள்ள நூறு விதமான சரக்கு இருக்கு. எது கொல்லுதுன்னே எனக்குத் தெரியாது. எலிக்குக்கூடப் போட்டதில்ல."

"அவருக்குப் போட்டுப் பாருங்க."

"அது ரத்தத்தையே உடைக்கலாம். கிட்னிய நிறுத்தலாம். போட்ட அன்னைக்கே அவர் போயிடலாம்."

"புண்ணு மேல ஊத்தினா?"

"உள்ள எலும்புவரைக்கும் போயிருக்குக்கா. மேல ஊத்தி என்ன ஆகும்?"

"மருந்தாக எவ்வளவு நாள் ஆகும்?"

"எல்லாம் ஒழுங்கா நடந்தா பத்து வருஷம். பெரும்பாலும் நடக்காது."

மீடியாக்கா கையிலிருந்த துணியை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் காலில் விழுந்தாள். தரை ஈரமாக இருந்தது. டாக்டரம்மாவின் செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கேட்கிற மாதிரி கேட்கவேண்டும் என்று நாத்தனார் சொன்னதுதான் மனதில் இருந்தது.

"அக்கா, எந்திரிங்க. ப்ளீஸ், எந்திரிங்க." டாக்டரம்மா குனிந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தாள், முடியாமல் அவளும் தரையில் உட்கார்ந்தாள். "எங்க அப்பாவா இருந்தாலும் குடுக்க மாட்டேன்க்கா. வெட்டச் சொல்லுங்க. தயவுசெஞ்சு சீக்கிரம் வெட்டச் சொல்லுங்க."

ஆட்டோகிளேவ் ஆவியை விட்டது. மீடியாக்கா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுத்தமானியைப் பார்க்கப் போனாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அவள் குளிரறைக்குப் போனாள். சாவி அவளிடம்தான் இருக்கும். இரண்டாவது அடுக்கில், வலது ஓரத்தில் அந்தக் கலங்கின தண்ணீர் இருந்த பாட்டில். டீத்தண்ணீர் நிறம். அதைக் கையில் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்தால் இருபது நிமிஷம். சாப்பாட்டுத் தூக்கில் வைத்தால் யாருக்கும் தெரியாது. பாட்டிலின் மேல் தேதி எழுதியிருந்தது, அவள் கையெழுத்து. அன்றைக்கு என்ன போட்டுக் காய்ச்சினாள் என்று நினைவு வந்தது. மாவு இவ்வளவு, உப்பு இவ்வளவு, மீன்சாறு இவ்வளவு. போட்டது அத்தனையும் தெரியும். அதற்குப் பிறகு அந்தச் சாம்பல் பொட்டு உள்ளே என்ன போட்டது என்பதுதான் தெரியாது. தெரியாத ஒன்றை அவள் எந்தப் பாத்திரத்திலும் ஊற்றியதில்லை. விரல் மரத்துப்போகும் வரை பிடித்திருந்துவிட்டுத் திரும்ப வைத்துப் பூட்டினாள்.

வார்டுக்குள் நுழையும்போதே அவன் தலையைத் தூக்கினான். காய்ச்சலில் கண் பளபளத்தது. நாத்தனார் எழுந்து நின்றாள்.

"வட்டம் செத்துப்போச்சுங்க" என்றாள் மீடியாக்கா.

"என்ன?"

"திரும்பப் போட்டுப் பாத்தாங்க. வரல. மூணு தட்டுல போட்டாங்க, மூணுலயும் வரல. மொதத் தடவ வந்தது தப்பாம். ஏதோ பழைய மருந்து தட்டுல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு."

"ஒட்டிக்கிட்டு இருந்துச்சா? நீ தட்டு கழுவுற சுத்தத்துக்கு எப்படி ஒட்டும்?"

"நான்தான் சரியா கழுவல."

இதைச் சொல்வாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை. வாயில் வந்தது, வந்தபடி நின்றது. அவன் அவளையே பார்த்தான். பதினான்கு வருஷத்தில் ஒரு தட்டைக்கூட அழுக்காக வைக்காதவள் என்று அவனுக்குத் தெரியும். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப அந்த மண்ணுல ஒண்ணும் இல்ல."

"இல்லைங்க."

அவன் தலையைத் தலையணையில் வைத்தான். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்டில்காரர் இருமி முடித்தார்.

"சரி. அவரை வரச் சொல்லு."

நாத்தனார் உட்கார்ந்தாள். "ஒழுங்கா கழுவியிருந்தா..." என்று ஆரம்பித்து, என்ன சொல்ல வந்தாளோ, அதை முடிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு ஒரு ஊழியர் தாளோடு வந்தார். "எடுத்த கால நீங்க வாங்கிக்கிறீங்களா, இல்ல நாங்களே பாத்துக்கவா?" என்றார். நாத்தனார் வாயில் துணியை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"என்ன செய்வீங்க?" என்றாள் மீடியாக்கா.

"பின்னாடி சூளை இருக்கும்மா. அதுல."

"நீங்களே பாத்துக்குங்க."

கையெழுத்துப் போட்டாள். கூடத்திலும் அப்படி ஒரு சூளை உண்டு. வாரம் இரண்டு தடவை அவள்தான் அதற்குப் பைகளைக் கட்டி அனுப்புவாள். அதன் வாசம், எவ்வளவு நேரம் எரியும் என்பது எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு டீயும் அவித்த முட்டையும் வாங்கி நாத்தனாருக்குக் கொடுத்தாள். தானும் ஒரு முட்டை சாப்பிட்டாள். உப்பு போட்டிருந்ததா என்று பிறகு யோசித்தாள்; நினைவில்லை.

முட்டி மிஞ்சியது. காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் அதற்குப் பிறகு கூடத்தைப் பற்றிப் பேச்சு இல்லை. அவள் காலையில் போவாள், வருவாள், சமைப்பாள், காலைக் கழுவிக் கட்டுவாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து தையல்காரியின் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். நாத்தனார் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சண்டை இல்லை. "உப்பு எடு", "விளக்கப் போடு", அவ்வளவுதான். ஒருநாள் தையல்காரியிடம், "கழுவுறவ ஒழுங்கா கழுவியிருந்தா அவங்களும் வேற வழி தேடியிருப்பாங்க, நாளும் வீணாகியிருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதில் கணக்கு எங்கே உதைக்கிறது என்று மீடியாக்காவுக்குத் தெரியும். கொடியில் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். மீடியாக்கா வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வாங்க. ஆனா வேலையப் பத்தி எதுவும் பேசிடாதீங்க. வட்டம் கிட்டம்னு வாய்தவறிக்கூட வேணாம். அவருக்கு மனசு கேக்காது."

டாக்டரம்மா தலையாட்டினாள். மனக்கஷ்டம் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளே உட்கார்ந்து மழையைப் பற்றியும் கட்டைக்கால் எப்போது வரும் என்பதைப் பற்றியும் பேசிவிட்டுப் போனாள். ஆப்பிளை நாத்தனார் நறுக்கிக் கொடுத்தாள். அவன் ஒரு துண்டு எடுத்து, பாதியை வைத்துவிட்டான்.

கூடத்தில் வட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா அந்தக் கலங்கின தண்ணீரை நூறாகப் பிரித்து, கொல்வது எது என்று நெருங்கிக்கொண்டிருந்தாள். கூடத்துத் தலைவரான பெரிய சார் வந்து பார்த்துவிட்டுப் போனார். யாரோ கேக் வாங்கிவந்தார்கள். மீடியாக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவள் அதைக் காகிதத்தில் மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வரும் வழியில் ஒரு நாய்க்குப் போட்டாள்.

காலை எடுத்த ஐந்தாவது மாதம் வட்டம் சின்னதாயிற்று. ஒரு வாரத்தில் இல்லாமல் போயிற்று. சாம்பல் பொட்டு முன்னைவிட நன்றாக வளர்ந்தது, வாசமும் இருந்தது. கொல்லவில்லை. பொட்டைப் போட்டு உறையவைத்திருந்த பழைய குழாய்களை எடுத்து எழுப்பினாள் டாக்டரம்மா. அவையும் வளர்ந்தன, அவையும் கொல்லவில்லை. தட்டில் வைத்துத் தட்டில் வைத்துச் சுகமாக வளர்த்தால் சில சமயம் இப்படி ஆகுமாம். சண்டை போடவேண்டிய அவசியம் அதற்கு மறந்துபோகுமாம். பழைய இடத்திலிருந்து புது மண் வேண்டும் என்றாள்.

புது டிரைவர் நாற்பது வயதுக்காரர், நல்ல வேலைக்காரர். இடம் காட்டும் கருவியில் இருந்த எண்ணைப் பார்த்து அதே இடத்துக்குத்தான் போனார். இரண்டு தடவை போய் வெறும் மணலாக வந்தது. பள்ளம் குறுகல், கம்பி இறங்குவதற்குள் நீரோட்டம் கிராப்பை நகர்த்திவிடும். எவ்வளவு முன்னால் விடவேண்டும் என்பது எந்தக் கருவியிலும் இல்லை. மூன்றாவது தடவை புறப்படும் முன் புது டிரைவர் நேராக அவன் வீட்டுக்கு வந்துவிட்டார். மீடியாக்கா கூடத்தில் இருந்தாள், அவளுக்குத் தெரியாது.

"அண்ணே, நீங்க வந்து உக்காந்தா போதும். வாயால சொன்னா போதும்."

"ஒண்ணும் இல்லாத மண்ணு எதுக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. டாக்டரம்மா கேக்குறாங்க."

அவன் சட்டையை மாற்றி, புதிதாக வந்திருந்த கட்டைக்காலை மாட்டிக்கொண்டான்.

துறையில் நாற்காலியில் தூக்கி இறக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்று உட்கார்ந்தபடியே படிபடியாகச் சறுக்கிப் படகுக்குள் இறங்கினான். கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பி ஓடுகிற உருளையருகே உட்கார்ந்தான். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. மூன்று மணிநேர ஓட்டம். தூரத்தில் கரையின் தண்ணீர்த்தொட்டி, தொழிற்சாலைப் புகைபோக்கிக்கு நேர் முன்னால் வந்து நின்றபோது, "மெதுவா" என்றான். இன்னும் கொஞ்சம் போகவிட்டு, "இப்ப விடு" என்றான்.

கம்பி ஓடியது. அதன்மேல் இரண்டு விரலை வைத்திருந்தான். மணலில் விழுந்தால் விரலில் சுரீரென்று ஒரு அதிர்வு வரும். சேற்றில் விழுந்தால் ஒன்றும் வராது. கம்பி சும்மா தளரும்.

"மணல். தூக்கு. இன்னும் வடக்க போ."

இரண்டாவது தடவை கம்பி தளர்ந்தது. கறுப்பாக வந்தது. டாக்டரம்மா குனிந்து வாளியில் வாங்கிக்கொண்டே, இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் பேசினாள். சந்தோஷத்தில் மீடியாக்கா சொல்லியிருந்தது மறந்துபோயிற்று.

"இது மட்டும் திரும்ப வந்துட்டாப் போதும்ணே. போன மாசம் வரைக்கும் அவ்வளவு அழகா வட்டம் வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாள்கூடத் தப்பினதில்ல. திடீர்னு நின்னுடுச்சு."

"போன மாசம் வரைக்கும்" என்றான் அவன்.

"ஆமாண்ணே. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து போன மாசம் வரைக்கும்."

அவன் கம்பியைப் பார்த்தான். உருளையில் அது ஈரமாகச் சுற்றிக்கிடந்தது.

"இன்னொரு தடவ விடு" என்றான் புது டிரைவரிடம். "ஒரு வாளி பத்தாது."

மூன்று வாளி எடுத்தார்கள்.

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தான். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. அன்று நாத்தனார் தையல்காரி வீட்டில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். மீடியாக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள்; அவன் படகேறிய விஷயம் கூடத்திலேயே அவள் காதுக்கு வந்துவிட்டது. வெந்நீர் கொண்டுவந்தாள். கட்டைக்காலின் வாரை அவிழ்த்தாள். ஓரத்தில் தோல் சிவந்திருந்தது. துணியை நனைத்துத் துடைத்தாள்.

"கிடைச்சுதா?"

"மூணு வாளி."

துணியைப் பிழிந்து மறுபடி நனைத்தாள்.

"போன மாசம் வரைக்கும் வந்துச்சாம்" என்றான்.

அவள் கை தண்ணீருக்குள் நின்றது. பிறகு துணியை வெளியே எடுத்தாள்.

"ஆமா."

"நான் படுத்திருந்தப்பவும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆமா."

எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"எனக்குன்னு கேட்டியா அவங்ககிட்ட?"

"கேட்டேன்."

"எப்படிக் கேட்டே?"

"கால்ல விழுந்து."

அவன் தன் முட்டியைப் பார்த்தான். அதற்குக் கீழே வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்தான்.

"தரமாட்டேன்னுட்டாங்களா?"

"தரமாட்டேன்னுட்டாங்க. சீக்கிரம் வெட்டச் சொல்லுங்கன்னாங்க."

"அப்புறம்தான் எங்கிட்ட வந்து செத்துப்போச்சுன்னு சொன்னே. தட்டக் கழுவலன்னு சொன்னே."

"ஆமா."

"நீ கழுவாம விடுவேன்னு எனக்கு அப்பவே தோணல." கொஞ்சம் நிறுத்தினான். "இருந்தும் கேட்டுக்கிட்டேன். அத நம்பிட்டா நல்லாயிருக்கும்னு இருந்துச்சு."

அவள் காய்ந்த துண்டால் ஒற்றி எடுத்து, சிவந்த இடத்தில் பவுடரைத் தட்டினாள்.

"வட்டம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் சம்மதிச்சிருக்க மாட்டேன்."

"மாட்டீங்க."

"நாளைக்கு நாளைக்குன்னு கெடந்து போய்ச் சேந்திருப்பேன்."

அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தையல் மிஷின் நின்றது. நாத்தனார் யாரிடமோ வரேன் என்று சொல்வதும், தெருவைக் கடந்து வருகிற செருப்புச் சத்தமும் கேட்டன.

"இந்தா" என்றான் அவன், தணிந்த குரலில்.

அவள் திரும்பினாள்.

"அக்காகிட்ட இதெல்லாம் சொல்லிக்க வேணாம். மண்ணுல ஒண்ணும் இல்லன்னே இருக்கட்டும். தட்டு விஷயத்த நான் பேசிக்கிறேன்."

நாத்தனார் உள்ளே வந்தாள். சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. "கடலுக்கா போனே? இந்தக் கால வெச்சுக்கிட்டா?" என்றாள்.

"சும்மா உக்காந்துட்டு வந்தேன்க்கா" என்றான். "இன்னைக்கு என்ன சமையல்னு அவகிட்ட கேளு."